ரெப்போவுக்குள் ரெப்போ: புஷ் போயும் சர்வருக்கு வராத தீம்

கோடின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட்டில் புஷ் போய்விட்டது, அதாவது என் மாற்றங்கள் சர்வருக்குப் போய்விட்டன. டெர்மினலில் ஒரு பிழையும் இல்லை. தளத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம், உள்ளே 500. என் கணினியில் அதே பிராஞ்ச் (கோடு வரலாற்றின் ஒரு கிளை), அதே கோடு, சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. எரர் லாகைத் திறந்து பார்த்தால், ஒரு ஃபங்ஷனுக்கு மூன்று ஆர்க்யுமென்ட் வேண்டும், இரண்டுதான் வந்திருக்கிறது என்று பிஎச்பி கத்துகிறது. அந்த ஃபங்ஷன் இருப்பது தீமில், அதாவது தளத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் கோடில். மூன்றாவது ஆர்க்யுமென்டே வேண்டாம் என்று போன வாரம்தான் தீமில் எடுத்துவிட்டேன், அதற்கு ஏற்றபடி தளத்தின் கோடையும் மாற்றினேன். தளம் புதிதாகப் போயிருக்கிறது, தீம் பழையதாகவே உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சரிசெய்யப் போய், அதைச் சரிசெய்ததில் வேறொன்று உடைந்து, அதையும் சரிசெய்து, கடைசியில் ஒழுங்காக ஓடும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்த கதை இது. வழியில் நான் செய்த தப்புகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் தேடினால் கிடைக்கும் ஒற்றை வரித் தீர்வுகளில் பாதி, இதே தப்புகளைத்தான் தீர்வு என்று சொல்கின்றன.

எங்கள் அமைப்பு இப்படி. வெளியே தளத்தின் ரெப்போ, அதாவது கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிட் கிடங்கு. அதற்குள் இரண்டு சப்மாட்யூல்கள், அதாவது ரெப்போவுக்குள் வைத்த வேறு ரெப்போக்கள்: ஒன்று தீம், இன்னொன்று படிவங்களைக் கையாளும் சின்ன லைப்ரரி. தீமுக்குள் ஐகான்களுக்கென்று இன்னொரு சப்மாட்யூல். ஆக மூன்று அடுக்கு. ஒரே தீமை மூன்று தளங்கள் பயன்படுத்துவதால்தான் அதைத் தனி ரெப்போவாக வைத்தோம். டிப்ளாய், அதாவது கோடைச் சர்வரில் ஏற்றி ஓடவிடுவது, பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. சர்வரில் ஒரு பேர் ரெப்போ, அதாவது கோப்புகள் எதுவும் விரிக்கப்படாமல் வரலாறு மட்டும் இருக்கும் வகை. அதில் ஒரு போஸ்ட்-ரிசீவ் ஹுக், அதாவது புஷ் வந்து முடிந்ததும் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட். நாம் புஷ் செய்தால் ஹுக் எழுந்து, வெப் ரூட்டை (தளத்தின் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) வொர்க்-ட்ரீயாகக் காட்டி, கட்டாய செக்அவுட் ஒன்றைச் செய்யும், அதாவது புதுக் கோப்புகளை அங்கே விரித்துவிடும். ஒரே வரி. பல வருடமாகப் பலரும் செய்கிற ஏற்பாடுதான்.

இந்த ஒற்றை வரி, சப்மாட்யூல் என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாது. அந்த இடத்தில் காலி ஃபோல்டரை உருவாக்கிவிட்டு நகர்ந்துவிடும். அப்படியானால் எங்கள் தளம் இத்தனை நாள் எப்படி ஓடியது? ஆரம்பத்தில் ஒரு நாள் நானே சர்வருக்குள் போய், அந்தக் காலி ஃபோல்டர்களில் தீமையும் லைப்ரரியையும் கையால் குளோன் செய்து (முழு நகல் எடுத்து) வைத்திருக்கிறேன். அப்புறம் தீம் மாறும்போதெல்லாம் உள்ளே போய் ஒரு புல் (புது மாற்றங்களை இழுப்பது), ஐகான்ஸ் ஃபோல்டரில் இன்னொரு புல். எழுதி வைக்கவில்லை. மறக்காதவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

எரிச்சல் என்னவென்றால், எந்தத் தீம் வேண்டும் என்கிற தகவல் சர்வரின் கையிலேயே இருந்தது. வெளி ரெப்போ சப்மாட்யூலின் கோப்புகளை வைத்துக்கொள்வதில்லை, அதன் கமிட் ஹேஷ் ஒன்றை, அதாவது வரலாற்றில் பதிந்த ஒரு நிலையின் அடையாளத்தை, மட்டும் வைத்துக்கொள்கிறது. 'கிட் எல்எஸ்-ட்ரீ ஹெட் தீம்' என்று கேட்டுப் பாருங்கள், ஒரே வரி வரும்: 160000 என்ற எண், 'கமிட்' என்ற சொல், நாற்பது எழுத்து ஹேஷ், ஃபோல்டரின் பெயர். சாதாரணக் கோப்புக்கு அந்த எண் 100644. 160000 என்றால், இது என்னுடையது அல்ல, வேறொரு ரெப்போவின் இந்தக் கமிட்டைக் கொண்டுவந்து இங்கே வை என்று பொருள். எங்கிருந்து கொண்டுவருவது என்பது டாட்-கிட்மாட்யூல்ஸ் கோப்பில் இருக்கிறது. இரண்டும் அன்றைய புஷ்ஷில் ஒழுங்காகவே போயிருந்தன. படிக்கத்தான் ஆள் இல்லை.

சரி, ஹுக்கில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைத்தேன். வெப் ரூட்டுக்குப் போய், 'கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்'. புஷ் செய்தேன். வந்த பதில்:

ரிமோட்: ஃபேட்டல்: நாட் எ கிட் ரெப்பாசிட்டரி: '.'

அதே கட்டளையைச் சர்வரில் நுழைந்து கையால் அடித்தால் வேறு மாதிரிப் பிழை வருகிறது. இந்த இடத்தில் ஒரு மாலைப் பொழுது போயிற்று. ஹுக்குக்குள் சூழல் மாறிகளை (நிரல் ஓடும்போது அதற்குக் கிடைக்கும் அமைப்பு மதிப்புகளை) அச்சடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கிட் ஒரு ஹுக்கை ஓட்டும்போது, கிட்_டிர் என்ற சூழல் மாறியில் ஒற்றைப் புள்ளியை வைத்து ஓட்டுகிறது. ஹுக் தொடங்கும் இடம் அந்தப் பேர் ரெப்போ என்பதால், புள்ளி என்றால் அந்த ஃபோல்டர். நாம் வெப் ரூட்டுக்கு நகர்ந்த பிறகும் மாறி அப்படியே இருப்பதால், இப்போது நிற்கிற இந்த ஃபோல்டரே கிட் ரெப்போ என்று எடுத்துக்கொண்டு, அது அப்படி இல்லை என்று தானே புகார் சொல்கிறது. அந்த மாறியை அன்செட் செய்யச் (நீக்கச்) சொல்லி எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதைவிட, 'கிட் ரெவ்-பார்ஸ் --லோக்கல்-என்வ்-வார்ஸ்' என்பது தரும் பட்டியல் முழுவதையும் அன்செட் செய்வது பாதுகாப்பு. கிட் இப்படி வைத்துவிட்டுப் போகும் மாறி அது ஒன்று மட்டும் இல்லை. இதைச் சொல்லக் காரணம் பின்னால் வருகிறது.

அன்செட் செய்ததும் அடுத்த பிழை, கையால் அடித்தபோது வந்த அதே பிழை: வெப் ரூட் கிட் ரெப்போவே கிடையாது. நியாயம்தான், அது வெளியிலிருந்து வொர்க்-ட்ரீயாகக் காட்டப்பட்ட வெறும் ஃபோல்டர். ஆகவே அந்த ஏற்பாட்டையே விட்டுவிட்டு, வெப் ரூட்டைப் பேர் ரெப்போவிலிருந்து எடுத்த உண்மையான குளோனாக மாற்றினேன். ஹுக் இப்போது மாறிகளை அன்செட் செய்யும், அங்கே போகும், புல் செய்யும், சப்மாட்யூல் அப்டேட் செய்யும். தனியாக அப்டேட் எதற்கு, புல் செய்தாலே வராதா என்றால், வராது. வழக்கமான அமைப்பில் புல் சப்மாட்யூலின் புதுக் கமிட்களை ஃபெட்ச் செய்து (இறக்கி) வைப்பதோடு சரி, கோப்புகளை மாற்றாது. 'சப்மாட்யூல்.ரிகர்ஸ்' என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் மாற்றும், புல்லுக்கு அது கிட் 2.15 முதல் வேலை செய்கிறது. ஆனாலும் புதிதாகச் சேர்ந்த சப்மாட்யூலுக்கு '--இனிட்' வேண்டும் என்பதால், நான் வெளிப்படையாக எழுதுவதையே விரும்புகிறேன்.

அடுத்து அனுமதிப் பிரச்சினை. கையால் ஓட்டினால் போகிறது, ஹுக்கில் 'பெர்மிஷன் டினைட், பப்ளிக்-கீ'. கையால் ஓட்டும்போது என் கணக்கில், என் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டை (சர்வருக்குள் நுழையும் சாவிகளை வைத்திருக்கும் நிரல்) கூடவே எடுத்துப் போயிருக்கிறேன். ஹுக் ஓடுவது புஷ்ஷை வாங்குகிற 'கிட்' கணக்கில், அதனிடம் எந்தச் சாவியும் இல்லை. நான்கு ரெப்போவும் ஒரே சர்வரில் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டர்களில்தானே இருக்கின்றன என்று, டாட்-கிட்மாட்யூல்ஸில் முழு முகவரியை எடுத்துவிட்டு, இரண்டு புள்ளி, சாய்கோடு, தீம்.கிட் என்று சார்பு முகவரியாக மாற்றினேன். வெளி ரெப்போ எங்கிருந்து குளோன் ஆனதோ அதை வைத்து கிட் மீதியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். எங்கள் கணினிகளில் அது எஸ்எஸ்எச் ஆகிறது, சர்வருக்குள் அதுவே வெறும் ஃபோல்டர் பாதை, சாவியே தேவையில்லை. அழகான ஏற்பாடு என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அந்த அழகு, சர்வரின் இயங்குதளத்தை மேம்படுத்திய நாள்வரை இருந்தது. கிட் 2.38.1, 2022 அக்டோபரில் வந்த பாதுகாப்புத் திருத்தம், சப்மாட்யூலை உள்ளூர்ப் பாதையிலிருந்து குளோன் செய்வதை இயல்பாகவே தடுத்துவிட்டது. 'டிரான்ஸ்போர்ட் ஃபைல் நாட் அலவ்ட்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். தடுத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது, யாரோ எழுதிய டாட்-கிட்மாட்யூல்ஸ் நம் கணினியிலேயே உள்ள ஏதோ ஒரு பாதையை இழுத்து வந்துவிடக் கூடாது. எங்கள் விஷயத்தில் முகவரிகள் எல்லாம் நாங்களே எழுதியவை என்பதால், அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் '-சி புரோட்டோகால்.ஃபைல்.அலவ்=ஆல்வேஸ்' கொடுத்தேன். குளோபல் அமைப்பில் போட்டுத் தடையை மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள், அது வேறு எதற்கும் தேவையில்லை.

தளத்தையும் தீமையும் ஒன்றாக மாற்றி இரண்டையும் புஷ் செய்தேன், தளத்தோடு தீமும் சேர்ந்தே போயிற்று. முதல் நாள் வெள்ளைப் பக்கத்தின் கதை இதோடு முடிந்தது. ஆனால் நிஜமான தப்பு இனிமேல்தான்.

தீமில் ஒரு சின்ன மாற்றம் செய்தால்கூட, தீமில் கமிட், புஷ், அப்புறம் மூன்று தளங்களிலும் போய் புது ஹேஷைச் சேர்த்து கமிட், புஷ். கூட வேலை செய்பவருக்கு இது பிடிக்கவில்லை. "ஏங்க, ஆட்டோமேட்டிக்னு சொன்னீங்க, ஒரு நிறத்தை மாத்த நாலு புஷ் பண்ண வேண்டியிருக்கே?" என்றார். கேள்வி நியாயமானது. அவரே தேடி, ஹுக்கில் '--ரிமோட்' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தார். நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன், ஆகவே பழியில் பாதி என்னுடையது.

'--ரிமோட்' போட்டால், வெளி ரெப்போ பதிந்து வைத்திருக்கும் ஹேஷை கிட் பார்ப்பதில்லை. சப்மாட்யூலின் பிராஞ்ச் நுனியில் இப்போது என்ன இருக்கிறதோ அதைக் கொண்டுவருகிறது. '--ரிகர்சிவ்' கூட இருந்தால், உள்ளே இருக்கும் ஐகான்ஸுக்கும் அதே கதி. இரண்டு வாரம் தேனாக ஓடியது.

மூன்றாவது வாரம், நான் தளத்தின் ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினேன். ஒரு சொல், ஒரு எழுத்து. புஷ் செய்தேன், தொடர்புப் படிவம் காணாமல் போனது. எழுத்துப்பிழைத் திருத்தம் எப்படிப் படிவத்தை உடைக்கும்? எதுவும் புரியாமல் அந்தக் கமிட்டை ரிவர்ட் செய்து (மாற்றத்தைத் திரும்ப எடுத்து) மறுபடி புஷ் செய்தேன். படிவம் திரும்பவில்லை. இன்னும் நான்கு கமிட் பின்னால் போய்ப் பார்த்தேன். அப்போதும் இல்லை. நேற்று நன்றாக ஓடிய கமிட்டுக்கே திரும்பினாலும் இன்று ஓடவில்லை என்றால் யாருக்கும் கை நடுங்கும்.

நடந்தது இதுதான். முந்தைய நாள் மாலை தீமின் மெயின் பிராஞ்சில் படிவத்தின் மாற்றம் ஒன்று பாதியில் ஏற்றப்பட்டிருந்தது. ஏற்றியவர் மீது தப்பில்லை, எந்தத் தளமும் அதை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவர் கணக்கு. என் எழுத்துப்பிழைப் புஷ் ஹுக்கை எழுப்பியது, ஹுக் தீமின் நுனியை இழுத்து வந்தது. தளத்தில் எத்தனை கமிட் பின்னால் போனாலும் ஹுக் அதே நுனியைத்தான் மறுபடி மறுபடி கொண்டுவரும், ஏனென்றால் பழைய கமிட்களில் பதிந்திருந்த ஹேஷ்களை அது படிப்பதே இல்லை. சர்வரில் 'கிட் ஸ்டேட்டஸ்' போட்டால், தீம் பக்கத்தில் 'நியூ கமிட்ஸ்' என்று அது இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இப்போது லைவில் ஓடுவது எந்தத் தீம் என்பது எந்த ரெப்போவின் வரலாற்றிலும் இல்லாத தகவலாகிவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்குத் தெளிந்தது, 'சப்மாட்யூல் தானாக அப்டேட் ஆக வேண்டும்' என்ற ஒரே வாக்கியத்தில் நாங்கள் இரண்டு வேறு ஆசைகளைப் போட்டுக் குழப்பியிருக்கிறோம். ஒன்று, பதிந்திருக்கும் ஹேஷ் எதுவோ அதை யாரும் உள்ளே போகாமலே சர்வர் கொண்டுவர வேண்டும். இன்னொன்று, தீமில் புதிது வந்தால் அந்தப் பதிவே தானாக முன்னேற வேண்டும். முதலாவது டிப்ளாயின் வேலை. இரண்டாவது டிப்ளாய்க்கு முன்னால், ஒரு கமிட்டாக, வரலாற்றில் தெரிகிற மாதிரி நடக்க வேண்டிய வேலை. '--ரிமோட்' கெட்ட கட்டளை இல்லை, நாங்கள் அதை வைத்த இடம்தான் கெட்டது.

ஹுக்கிலிருந்து அதை எடுத்தேன். அதற்குப் பதில், தீம் ரெப்போவுக்குப் புஷ் வந்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடும். அது ஒவ்வொரு தளத்தையும் தனியிடத்தில் புதிதாகக் குளோன் செய்து, அங்கே தீமுக்கு மட்டும் '--ரிமோட்' அப்டேட் செய்து, சோதனைகளை ஓட்டி, தேறினால் தனி பிராஞ்சில் ஒரு கமிட் போட்டு வைக்கும். கமிட் செய்தியில் 'கிட் டிஃப் --சப்மாட்யூல்=லாக்' தருவதை அப்படியே ஒட்டுகிறோம், அதனால் வெறும் ஹேஷாக இல்லாமல் தீமில் என்னென்ன மாறியது என்று தலைப்பு வரிகளாகவே தெரிகிறது. நாம் பார்த்து மெர்ஜ் செய்தால் (இணைத்தால்) போதும். நண்பரின் நாலு புஷ், ஒரு புஷ்ஷும் மூன்று கிளிக்கும் ஆகிவிட்டது. முக்கியமாக, ரிவர்ட் மறுபடி ரிவர்ட் ஆனது: ஹேஷ் பின்னால் போனால் தீமும் பின்னால் போகிறது.

அடுத்து வந்தது ஒரு பழைய நோய். தளத்தில் புது ஹேஷைப் பதிந்து புஷ் செய்துவிட்டு, தீமைப் புஷ் செய்ய மறப்பது. சர்வர் அந்தக் கமிட்டை எங்கே தேடியும் கிடைக்காமல், ஃபெட்ச் செய்தேன், அதில் இந்த ஹேஷ் இல்லை, நேரடியாகக் கேட்டும் கிடைக்கவில்லை என்று கைவிரிக்கும். ஆளாளுக்குத் தங்கள் கணினியில் 'புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ்' என்பதை 'செக்' என்று வைத்துக்கொண்டால், தீமின் கமிட் வெளியே போகாமல் தளத்தைப் புஷ் செய்யவே கிட் விடாது. 'ஆன்-டிமாண்ட்' என்று வைத்தால் அதுவே தீமையும் சேர்த்துப் புஷ் செய்துவிடும். எனக்கு 'செக்' பிடிக்கும், எது எப்போது வெளியே போகிறது என்பதை நான் தெரிந்தே செய்ய வேண்டும். ஆனால் அமைப்பு ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது, புதிதாக வந்தவர் வைத்திருக்க மாட்டார். ஆகவே சர்வரிலும் ஒரு காவல் போட்டோம்.

போஸ்ட்-ரிசீவ் ஹுக்கால் புஷ்ஷைத் தடுக்க முடியாது, அது ஓடும்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். தடுக்கக்கூடியது பிரீ-ரிசீவ். அதில், வருகிற கமிட்டின் 160000 வரிகளை எடுத்து, ஒவ்வொரு ஹேஷும் பக்கத்துத் தீம்.கிட் ஃபோல்டரில் உண்மையில் இருக்கிறதா என்று 'கிட் கேட்-ஃபைல் -இ' வைத்துக் கேட்கிறோம். முதல் முயற்சியில், கண்ணெதிரே இருக்கிற கமிட்டையே இல்லை என்றது. காரணம் மறுபடி சூழல் மாறிதான். பிரீ-ரிசீவ் ஓடும்போது, வந்த பொருட்களை கிட் ஒரு தற்காலிக இடத்தில் ஒதுக்கி வைத்து, அங்கே பார்க்கச் சொல்லி இன்னொரு மாறியையும் வைத்துவிடுகிறது. '--கிட்-டிர்' என்று வேறு ரெப்போவைக் காட்டினாலும் கண் அந்தத் தற்காலிக இடத்தில்தான் இருக்கும். பட்டியல் முழுவதையும் அன்செட் செய்யச் சொன்னது இதற்குத்தான். மறக்காமல் சப்-ஷெல்லுக்குள் (தனியாக ஓடும் உள் ஷெல்லில்) செய்யுங்கள், ஹுக்கின் மற்ற வரிகளுக்கு அந்த மாறிகள் தேவை.

இதற்குமேல் ஒரு மாற்றம், கொஞ்சம் பெரியது. வெப் ரூட்டிலேயே புல் செய்து, பிறகு சப்மாட்யூல் அப்டேட் செய்தால், நடுவில் சில நொடிகள் தளம் புதிது, தீம் பழையது. முதல் நாள் வெள்ளைப் பக்கமேதான், நொடிக்கணக்கில். அதனால் இப்போது ஒவ்வொரு டிப்ளாய்க்கும் ஹேஷின் பெயரில் தனி ஃபோல்டர். அதில் புதுக் குளோன், சப்மாட்யூல் அப்டேட், எல்லாம் தேறினால் மட்டும் 'கரண்ட்' என்ற சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) அங்கே திரும்பும். இடையில் ஏதாவது உடைந்தால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். 'எல்என் -எஸ்எஃப்என்' பழைய பதிப்புகளில் சிம்லிங்கை முதலில் அழித்துவிட்டுத்தான் புதிதாக உருவாக்கும், அந்த இடைவெளியில் வருகிறவருக்கு 404 போகலாம். வேறு பெயரில் சிம்லிங்க் செய்து, 'எம்வி -டி' வைத்து மேலே தூக்கி வைத்தால் இடைவெளியே கிடையாது. பிஎச்பி பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: சிம்லிங்க் திரும்பிய பிறகும் ஓப்கேஷ் (பிஎச்பி தொகுத்த கோடைச் சேமித்து வைக்கும் இடம்) பழைய கோப்புகளையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். என்ஜின்எக்ஸ் அமைப்பில் டாக்குமென்ட் ரூட்டுக்குப் பதிலாக ரியல்பாத் ரூட் மாறியை அனுப்பினால் தீர்ந்துவிடும். எனக்கு இது தெரியாமல், டிப்ளாய் ஆகவே இல்லை என்று அரை மணி நேரம் ஹுக்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறையும் புதுக் குளோன் என்பதில் கேட்காமலே ஒரு லாபம். முன்பு தீம் ரெப்போவின் பெயரை மாற்றியபோது, சர்வர் பழைய முகவரியிலேயே தட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் முதல் இனிட்டின்போது முகவரி டாட்-கிட் கான்ஃபிகில் நகலாகிவிடுகிறது, அதற்குப் பிறகு டாட்-கிட்மாட்யூல்ஸ் மாறினாலும் 'சப்மாட்யூல் சிங்க்' செய்யாமல் அது மாறாது. புதுக் குளோனில் பழைய நகல் என்ற பேச்சே இல்லை. நீக்கிய சப்மாட்யூலின் ஃபோல்டர் அப்படியே கிடக்கிற தொல்லையும் போயிற்று. உள்ளூர்ப் பாதையிலிருந்து குளோன் செய்யும்போது கிட் ஹார்ட்லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டுக்கொள்வதால் இடமும் பெரிதாகத் தின்னவில்லை. கடைசி ஐந்தை வைத்துக்கொண்டு மீதியை அழிக்கிறோம்.

வழியில் கண்ணில் பட்ட ஓட்டை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாட்-கிட் ஃபோல்டரை வெளியார் படிக்காதபடி வெப் சர்வரில் தடை வைத்திருந்தோம், பெயருக்குப் பின்னால் சாய்கோடு சேர்த்து. சப்மாட்யூலுக்குள் இருக்கும் டாட்-கிட் ஃபோல்டர் இல்லை, ஒரு வரி மட்டுமே உள்ள கோப்பு. உண்மையான சரக்கு வெளி ரெப்போவின் டாட்-கிட்டுக்குள் 'மாட்யூல்ஸ்' என்ற இடத்தில் இருக்கிறது என்று அந்த வரி காட்டும். சாய்கோடு இல்லாததால் தடைக்குள் அது சிக்கவில்லை, பிரவுசரில் அடித்தால் பாதை அப்படியே வந்தது. பாதைதானே என்று விடவில்லை. சாய்கோட்டை எடுத்தோம், போதாததற்கு சிம்லிங்க் திரும்புவதற்கு முன் அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா டாட்-கிட்டையும் அழிக்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐகான்ஸ் மட்டும் தானாக நகர்வதில்லை. மூன்றாம் அடுக்கு என்பதால், அதன் புது ஹேஷ் முதலில் தீமில் கமிட் ஆக வேண்டும், அப்புறம் தீமின் புது ஹேஷ் தளத்தில். ஸ்கிரிப்டை அதற்கும் நீட்டலாம், எழுதவும் ஆரம்பித்தேன். நண்பர் எட்டிப் பார்த்து, "ஐகான் கடைசியா எப்பங்க மாறுச்சு?" என்றார். லாகைப் பார்த்தேன், ஏழு மாதத்துக்கு முன்னால். பாதியில் நிறுத்திவிட்டு மூடிவிட்டேன்.